யாருடைய வற்புறுத்தலும் இன்றி

போன மாதம் எங்கள் கூரியர் ஹப்பில் ஒரு பையன் கணக்கில் 6,200 ரூபாய் ஷார்ட்டேஜ் விழுந்தது. தொகை பெரிதில்லை, ஆனால் அது விழுந்த விதம் எனக்கு நன்றாகத் தெரிந்த விதம். பார்சலைக் கொடுத்துவிட்டுக் காசை வாங்கிக்கொள்வது, ஆப்பில் மட்டும் 'வீடு பூட்டியிருந்தது' என்று போடுவது, மறுநாள் வேறொரு வீட்டில் வாங்கிய காசை வைத்து முதல் பார்சலை டெலிவரி ஆனதாக முடிப்பது. நாலு நாள், அஞ்சு நாள் இப்படி ஓட்டலாம். திங்கட்கிழமை ஸ்டாக் எண்ணினால் ரேக்கில் இருக்க வேண்டிய மூன்று பார்சல் இல்லை. பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தோம். நான் ஹப் இன்சார்ஜ், அதனால் மேசைக்கு இந்தப் பக்கம் நான்.

2012ல் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்பதுகூடத் தப்பு, நிற்கவைத்திருந்தார்கள். இப்போது வேலை பார்க்கும் இடத்தில் இது ஒருத்தருக்கும் தெரியாது.

பி.காம் முடித்ததும் 2008ல் பெரம்பூர் பக்கம் ஒரு ஏஜென்சியில் சேர்ந்தேன். சோப்பு, பிஸ்கட், டீத்தூள் எல்லாம் எடுத்து மளிகைக் கடை, பெட்டிக்கடைகளுக்குப் போடுகிற இடம். எனக்கு லைன் கலெக்‌ஷன். கொளத்தூர் ஒரு நாள், பெரவள்ளூர் ஒரு நாள், அகரம், ஜவஹர் நகர் என்று வாரம் ஆறு நாள் வண்டியில் போய்ப் பாக்கி வாங்கிவர வேண்டும். சாயங்காலம் பணத்தை எண்ணிக் கொடுத்தால் அக்கவுண்ட்ஸ் அக்கா கம்ப்யூட்டரில் டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொள்வார். கடைக்காரர்கள் யாரும் ரசீது கேட்க மாட்டார்கள், கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கும் சின்ன நோட்டில் தொகையை எழுதி இனிஷியல் போட்டால் போதும். அந்த நோட்டுக்கும் டேலிக்கும் நடுவில் நான் ஒருத்தன்தான். சம்பளம் 9,500, பெட்ரோல் தனி.

முதல் முறை எடுத்தது 2,000 ரூபாய், சீட்டுக் கட்ட. அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, தங்கச்சி கல்யாணம் என்று ஏதாவது இருந்திருந்தால் சொல்லிக்கொள்ள நன்றாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. ஏலச்சீட்டு ஒன்று போட்டிருந்தேன், மாசக் கடைசியில் சீட்டுக்கார அக்கா வாசலில் நின்று சத்தம் போடுவார், அது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவ்வளவுதான். ஒரு அண்ணாச்சி கடையில் வாங்கியதைக் கணக்கில் காட்டவில்லை, சம்பளம் வந்ததும் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சம்பளம் வந்தது, வைக்கவில்லை. அந்த வாரம் அடுத்த கடைக்காரர் கொடுத்ததை எடுத்து அண்ணாச்சி கணக்கில் கட்டினேன், அவர் கணக்குக்கு மூன்றாவது கடை. எங்கள் ஆட்களிடையே இதற்கு ரொட்டேஷன் என்று பெயர். செய்கிறவனுக்குத் திருடுகிற மாதிரியே தோன்றாது, ஏதோ பொறுப்பான வேலை பார்ப்பது போலத்தான் இருக்கும், ஏனென்றால் எந்தக் கடை எத்தனை நாள் பொறுக்கும் என்று ராத்திரியெல்லாம் மனக்கணக்குப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு மாதத்தில் என் கணக்குப்படி ஒரு லட்சத்துப் பதினாலாயிரம். சீட்டு போக மீதிக்கு ஒரு நல்ல போன், கொஞ்சம் பிரியாணி, நண்பர்களுக்கு அள்ளிக் கொடுத்தது. எதுவும் இன்றைக்கு என் கையில் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ரொட்டேஷன் செய்கிறவன் லீவு போட முடியாது. அவன் இடத்தில் வேறு ஆள் போனால் நூல் அறுந்துவிடும். எட்டு மாதம் நான் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. அந்த வருட ஆயுத பூஜைக்கு முதலாளி எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தி, "லீவே போடாத பையன், இவனப் பாத்துக் கத்துக்கங்கடா" என்று சொல்லிப் பொரிகடலைப் பையோடு 500 ரூபாய் கவர் கொடுத்தார். பெரிய கம்பெனிகள் சிலவற்றில், முக்கியமாக வங்கிகளில், பணம் புழங்கும் ஆட்களைக் கட்டாயமாக லீவில் அனுப்புவார்கள் என்றும், அது இரக்கத்தால் இல்லை என்றும் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

தீபாவளி முடிந்து காய்ச்சலில் விழுந்தேன். நாலு நாள் எழுந்திருக்க முடியவில்லை. என் லைனுக்குக் குடோன் பையனை அனுப்பினார்கள். ஜவஹர் நகர் அண்ணாச்சி அவனிடம் நோட்டை எடுத்துக் காட்டியிருக்கிறார்: "போன வாரமே 4,300 குடுத்தாச்சு தம்பி, இந்தா உங்காளு கையெழுத்து." டேலியில் அவர் பேரில் அந்த 4,300 பாக்கியாகவே நின்றது. சாயங்காலத்துக்குள் இருபது கடை நோட்டை போட்டோ எடுத்து வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, "உடம்பு எப்படி இருக்கு, ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்று போன். போனேன். குடோனுக்குப் பின்னால் பிஸ்கட் அட்டைப்பெட்டி அடுக்கிய ரூம். முதலாளி, மேனேஜர், முதலாளியின் மச்சான். போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரெண்டு அறை விழுந்தது, அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மதியத்துக்கு மேல் மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளை வைத்துச் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். 'நான் சுயநினைவுடனும், யாருடைய வற்புறுத்தலும் இன்றியும், என் முழுச் சம்மதத்துடன் எழுதிக்கொடுப்பது...' கதவு வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அந்த வரியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், காய்ச்சல் மிச்சமாகவும் இருந்திருக்கலாம்.

அந்த வரி ஏன் இருந்தது என்று பல வருடம் கழித்து ஒரு வக்கீல் நண்பர் விளக்கினார். போலீஸிடம் கொடுக்கும் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. முதலாளிக்கு எழுதிக்கொடுப்பது போலீஸிடம் கொடுத்ததாக ஆகாது, அதனால் அதைச் சாட்சியமாகக் காட்டப் பார்க்கலாம். ஆனால் மிரட்டியோ, 'எழுதிக் குடுத்தா விட்டுடறோம்' என்று ஆசைகாட்டியோ வாங்கியது என்று தெரிந்தால் அது நிற்பது கஷ்டம். அதனால்தான் வற்புறுத்தி எழுதவைக்கிற எல்லாக் கடிதத்திலும் வற்புறுத்தல் இல்லை என்ற வரி தவறாமல் இருக்கிறது. அப்படி ஒருத்தரை ரூமில் அடைத்து வைப்பதும் குற்றம்தான், ஒரு வருடம் வரை தண்டனை உண்டு. 24 வயதில், திருடியவன் நான் என்று எனக்கே தெரிந்திருக்கும்போது, எனக்குச் சட்டம் எதையாவது தரும் என்று எப்படித் தோன்றும்?

ராத்திரி ஒன்பதரைக்கு அப்பாவும் மாமாவும் வந்தார்கள். அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1996ல் மில் மூடிய பிறகு ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். மில் கேட்டில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது சோதனை போடுவார்கள், இத்தனை வருடத்தில் ஒரு நூல்கண்டு என் பையில் இருந்ததில்லை என்று அவர் அடிக்கடி சொல்வார், வீட்டில் எங்களுக்கே அலுத்துப்போகும் அளவுக்கு. அன்றைக்கு அந்த ரூமில் அதைச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு சாகும்வரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

தொகை பேசினார்கள். ஒரு லட்சத்து அறுபதாயிரம் என்றார் மேனேஜர். நான் ஒரு லட்சத்துப் பதினாலு என்றேன். "எதை வெச்சு சொல்ற?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. எந்தக் காசு எந்தக் கடையுடையது என்று தெரியாத மாதிரி எட்டு மாதம் நானேதான் குழப்பி வைத்திருந்தேன். நான் போகாத லைன்களின் வாராக்கடனும் என் தலையில் ஏறியது என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் 'நான் அவ்வளவு திருடவில்லை, இவ்வளவுதான் திருடினேன்' என்று வாதாட உலகத்தில் யாருக்கு வாய் வரும்?

சரி, கையெழுத்து. மூன்று புரோநோட், அதாவது கடன் பத்திரம், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, தொகையும் தேதியும் எழுதாமல். என்னுடைய பத்தாவது, பிளஸ் டூ, பி.காம் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை மறுநாளே கொண்டுவந்து கொடுக்க வேண்டும், பணம் முடிந்ததும் திரும்பத் தருவார்கள். தேதியில்லாத புரோநோட் எவ்வளவு ஆபத்தானது என்று தெரியாதவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்: தேதி போட்ட நோட்டுக்கு மூன்று வருடம்தான் கெடு, அதற்குள் கேஸ் போட வேண்டும். தேதியில்லாத நோட்டுக்கு அவர்கள் என்றைக்குப் பேனாவை எடுக்கிறார்களோ அன்றைக்குத்தான் பிறந்த நாள். அம்மாவின் மூன்று சவரன் சங்கிலி விற்று முதல் வாரமே எழுபதாயிரம் கட்டினோம். மீதி தொண்ணூறு, மாதம் 2,500 வீதம் 36 மாதம்.

"கேஸ் குடுக்கலேன்னு சந்தோஷப்படு, உன் நல்லதுக்குத்தான்" என்றார் முதலாளி. கேஸ் கொடுத்திருந்தால் அன்றைக்கு இந்திய தண்டனைச் சட்டம் 408வது பிரிவு, ஊழியர் செய்த நம்பிக்கை மோசடி, ஏழு வருடம் வரை. 2024 ஜூலை 1 முதல் அது புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(4) ஆகியிருக்கிறது, தண்டனை அதேதான். அவர் சொன்னதை அப்போது வாய்க்குள் திட்டினேன். ஆனால் அது பொய்யில்லை. எனக்குத் தெரிந்த ஒருத்தர், வேறு ஒரு கம்பெனியில் கேஷியர், என்னைவிடக் குறைந்த தொகைக்கு எஃப்.ஐ.ஆர். ஆனது. பணத்தைக் கட்டிவிட்டார், கம்பெனியும் சமாதானம் ஆகிவிட்டது, ஆனாலும் இந்தப் பிரிவில் ரெண்டு பேரும் கைகுலுக்கிக்கொண்டால் மட்டும் கேஸ் முடியாது, கோர்ட் அனுமதி கொடுக்க வேண்டும். அந்த அனுமதிக்காக எழும்பூர் கோர்ட்டுக்கு வாய்தா வாய்தாவாக அவர் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அது இல்லை. எனக்கு நடந்தது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத தண்டனை, அதனால் அதற்கு அளவும் கிடையாது, முடிந்துவிட்டது என்று முத்திரை குத்தித் தருகிற இடமும் கிடையாது. எது தேவலை என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது.

முறைப்படி என்றால் எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 1947ம் வருடச் சட்டம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்த்த ஆளைத் தப்பு செய்தான் என்று முன்னறிவிப்பு இல்லாமல் நீக்க வேண்டுமென்றால் விசாரணை வைத்துச் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும். பெரிய இடங்களில் மெமோ வரும், சஸ்பென்ஷன் வரும், முதல் 90 நாள் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வரும், சாட்சியை நாமே கேள்வி கேட்கலாம். பி.எஃப். பணத்தில் கைவைக்க முடியாது. கிராஜுவிட்டி போகலாம், அதற்குக் கோர்ட்டில் தண்டனை ஆகியிருக்க வேண்டும் என்பதுகூட அவசியமில்லை என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எங்கள் ஏஜென்சியில் 14 பேர். பி.எஃப். இல்லை, மெமோ இல்லை, பிஸ்கட் அட்டைப்பெட்டி ரூம்தான்.

அதற்கப்புறம் வேலை தேடிப் போனால், ஏஜென்சி உலகம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ரெப்புகள் எல்லோரும் ஒரே டீக்கடையில்தான் நிற்பார்கள். வில்லிவாக்கத்தில் ஓர் ஏஜென்சியில் சேரச் சொல்லிவிட்டு, மறுநாள் காலை போனால், "ஆள் எடுத்தாச்சுப்பா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். மூன்றாவது இடத்திலும் அதே கதை நடந்த பிறகு கோயம்பேடு போனேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குமேல் லாரி வரும், வெங்காய மூட்டை இறக்கி மண்டியில் அடுக்க வேண்டும். அங்கே சர்டிபிகேட் கேட்க மாட்டார்கள், ஊர்ப் பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்காருவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். உண்மையில் அவர்கள் முன்னாலும் அப்படித்தான் உட்கார்ந்தார்களோ என்னவோ.

அடுத்தவர்களுக்கு ஆனதுதான் எனக்குத் தாமதமாகத் தெரிந்தது. நான் போனபிறகு எல்லாப் பையன்களின் பையையும் தினமும் கொட்டிப் பார்த்தார்களாம். அக்கவுண்ட்ஸ் அக்காவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது என்று அவருக்கு இன்க்ரிமெண்ட் நிறுத்தியிருக்கிறார்கள், சத்தியமாக அவருக்குத் தெரியாது. ஜவஹர் நகர் அண்ணாச்சியிடம், "ரசீது இல்லாம குடுத்தது உங்க தப்பு" என்று பேசி 4,300ஐ மறுபடியும் வாங்கியிருக்கிறார்கள். சரக்கு நிறுத்திவிடுவார்களோ என்று அவரும் கொடுத்துவிட்டார். அதே 4,300 என் ஒரு லட்சத்து அறுபதுக்குள்ளும் இருந்தது.

கடைசித் தவணை 2015 நவம்பரில் கட்டினேன். "சர்டிபிகேட் வீட்ல இல்ல, குடோன் பீரோல இருக்கு, மழை விடட்டும், வந்து வாங்கிக்க" என்றார் முதலாளி. அந்த வருட நவம்பர், டிசம்பரில் மழை எப்படி விட்டது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் முதல் வாரத்துக்கு அப்புறம் போனேன். குடோனில் இடுப்பளவு தண்ணீர் நின்று வடிந்திருந்தது, சோப்பு எல்லாம் கரைந்து சுவர் ஓரம் வெள்ளையாகக் கோடு. பீரோ கீழ்த்தட்டில் என் கவர். பி.காம் சர்டிபிகேட் கூழாகி பிளஸ் டூ மார்க் ஷீட்டோடு ஒட்டியிருந்தது. புரோநோட் மூன்றும் அதே கதிதான். அதை அவரே என்னிடம் நீட்டிக் கிழிக்கச் சொன்னார், கிழிக்க ஒன்றும் இல்லை, கையோடு பிய்ந்து வந்தது.

வெள்ளத்தில் ஆவணம் தொலைத்தவர்களுக்கு அரசாங்கம் சிறப்பு முகாம் போட்டது ஞாபகம் இருக்கும், மாற்றுச் சான்றிதழுக்குக் கட்டணம் இல்லை. மற்ற நேரமாக இருந்தால் போலீஸ் ஸ்டேஷனில் 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று சான்று வாங்கி, எங்கே எப்படித் தொலைந்தது என்று கதை சொல்லியிருக்க வேண்டும். வீடு போனவர்கள், சமையல்கட்டு போனவர்கள் நடுவில் நானும் வரிசையில் நின்றேன். "வெள்ளத்துல போச்சா?" என்று கேட்டார் அந்த மேடம். "ஆமா மேடம்" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்தச் சான்றிதழ்களை வைத்துத்தான் 2016ல் கூரியர் வேலைக்குச் சேர்ந்தேன். போலீஸ் வெரிஃபிகேஷனும் கேட்டார்கள், என் பேரில் எதுவும் இல்லை என்று வந்தது. ஏனென்றால் முதலாளி கேஸ் கொடுக்கவில்லை.

சம்பளம் கொஞ்சம் நிலைத்ததும் அண்ணாச்சி கடைக்குப் போய் 4,300ஐ வைத்தேன். அடையாளம் தெரிந்தது அவருக்கு. எண்ணிப் பார்த்துக் கல்லாவில் போட்டுக்கொண்டு, "இந்தக் காசுக்கு அப்ப நூறு கிலோ அரிசி வாங்கியிருக்கலாம்லா தம்பி" என்றார். டீ வாங்கிக் கொடுப்பார் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். கொடுக்கவில்லை.

இப்போது இந்தப் பையன். வயது 22. "யூடியூப்ல பாத்தேண்ணா, அஞ்சாயிரத்துக்குள்ளன்னா ஜெயில் இல்லையாம், ஏதோ சமூக சேவையாம்" என்றான். பாதி உண்மை. புதுச் சட்டத்தில் முதல் முறை திருடியவன், மதிப்பு 5,000க்குக் கீழ் இருந்து, பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவை என்று இருக்கிறது. அது சாதாரணத் திருட்டுக்கு. வேலைக்காரன் முதலாளியிடம் எடுத்தால் அது வேறு பிரிவு, அங்கே அந்தச் சலுகை கிடையாது. அவனுடையதோ 6,200. இதைச் சொன்னதும் முகம் செத்துப்போனது.

எச்.ஆர். போனில், "லெட்டர் வாங்கிடுங்க, ஃபார்மட் மெயில்ல இருக்கு" என்றார்கள். ஃபார்மட்டைத் திறந்தால் முதல் வரி அதேதான். நான் கதவைத் திறந்து வைத்தேன், போனை அவனிடமே இருக்கவிட்டேன், வீட்டுக்குப் பேசச் சொன்னேன். தொகை எழுதாத எதிலும் கையெழுத்துப் போடாதே என்றேன். மூன்று பார்சல் நம்பரையும் தொகையையும் தனித்தனியாக எழுதி, கூட்டி, 6,200 என்று எழுத்தாலும் எழுதவைத்தேன், இதற்கு மேல் பாக்கி எதுவும் இல்லை என்ற வரியையும் சேர்த்தேன். எச்.ஆருக்கு அந்த வரி பிடிக்கவில்லை. அவன் அக்கா மறுநாள் பணத்தை ஜி பேயில் அனுப்பினார். ரசீது கொடுத்தேன்.

அவன் கம்பெனி ஆள்கூட இல்லை, ஆள் சப்ளை செய்யும் வெண்டர் மூலமாக வந்தவன். ஐ.டி.யை பிளாக் செய்தால் வேலை முடிந்தது, விசாரணை என்ற பேச்சே இல்லை. கடைசியாக ஒரு ஃபார்ம் நான் நிரப்ப வேண்டும். வேறு இடத்தில் சேரும்போது யாராவது விசாரித்தால் அதைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள். விலகிய காரணம் என்ற இடத்தில் 'கேஷ் ஷார்ட்டேஜ், முழுத் தொகையும் கட்டப்பட்டது' என்று எழுதினேன். 'சொந்தக் காரணம்' என்று போட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கீழே, மீண்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கேள்வி, ஆம், இல்லை என்று ரெண்டு கட்டம். 'இல்லை'யைத்தான் அழுத்தினேன்.

அன்றைக்கு லோடு அதிகம், ஆள் ஒன்று குறைவு. ஜவஹர் நகர் ரூட்டை நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.